குடை பிடித்தவருக்கு

குளக்கரையில் நீர்க்கோலி ஒன்று தவளையைப் பின்னங்காலிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் குடையோடு நின்ற பெரியவரே, இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

என் பழைய கேமரா நினைத்தால் அணைந்துவிடும். அன்றும் அணைந்தது. நான் அதைத் தட்டிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தேன். நீங்கள் ஒன்றும் கேட்காமல் கை நீட்டி வாங்கினீர்கள். பேட்டரியைக் கழற்றி, முனைகளைச் சட்டை நுனியால் துடைத்து, மடித்த பஸ் டிக்கெட் ஒன்றை அண்டக் கொடுத்து மூடினீர்கள். போன உயிர் திரும்பியது!

அதன்பின் லென்ஸில் வெயில் படாதபடி குடையைச் சாய்த்துப் பிடித்தீர்கள். கல்லெடுத்த பையன்களிடம், "விஷமில்லாத பாம்பு, தம்பிகளா. மிரண்டால் விழுங்கியதைக் கக்கிவிடும்" என்றீர்கள், குரலே உயராமல். (நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.)

தாடையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி முன்னேறித் தவளையை உள்ளே இழுத்தது, வாய் அடைத்திருந்தும் மூச்சுவிட மூச்சுக்குழலின் முனை கீழே எட்டிப்பார்த்தது, எல்லாம் படத்தில் விழுந்திருக்கின்றன. பாதிக்கு மேல் மங்கல்தான். அது என் கைவண்ணம்.

நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. மிக்க நன்றி ஐயா. உங்கள் டிக்கெட் இன்னும் கேமராவுக்குள்தான் இருக்கிறது.