நிலத்தை விற்க வேண்டாம் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று எழுதச் சொல்லுங்கள். போனில் பேசினால் பாதியில் உங்கள் மருமகள் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது, பாப்பா வந்து போனைப் பிடுங்குகிறாள், எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து விலாவாரியாக எழுதுகிறேன். நாங்கள் இங்கே இங்கிலாந்தில் வீடு வாங்கப் பணம் அனுப்புவதற்காக நிலத்தை விற்கப் புரோக்கரிடம் பேசிவிட்டதாக நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இங்கே வீட்டு நிலவரம் என்ன, நாங்கள் எப்படி இருக்கிறோம், ஏன் அந்தப் பணம் வேண்டாம் என்கிறேன், எல்லாவற்றையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாங்கள் பார்த்து வைத்திருக்கும் வீட்டின் விலை 1,15,000 பவுண்டு. நம் பணத்தில் ஒன்றேகால் கோடிக்கு மேல். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, பின்னால் சின்னதாக ஒரு முற்றம், வாசல் கதவைத் திறந்தால் நேராகத் தெரு நடைபாதை. மொத்த இடம் இரண்டு சென்ட் வந்தால் அதிகம். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு பொது. மேலே ஓடுதான். குளியலறை கீழே சமையலறைக்குப் பின்னால், ஏனென்றால் கட்டும்போது இந்த வீடுகளுக்குக் குளியலறையே கிடையாது, கக்கூஸ் முற்றத்தின் கடைசியில் இருந்தது, பின்னால்தான் நீட்டிக் கட்டினார்கள். இதற்கா இத்தனை பணம் என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் சராசரியாக ஒரு வீடு மூன்று லட்சம் பவுண்டை ஒட்டி விற்கிறது, லண்டனில் ஐந்து லட்சத்துக்கு மேல். எங்கள் ஊரான ஸ்டோக்-ஆன்-ட்ரெண்டில் சராசரி விலையே நாட்டுச் சராசரியில் ஏறக்குறைய பாதிதான். லண்டனில் வேலை பார்க்கும் நர்ஸ்கள் வாடகைக்கு ஒற்றை அறை எடுத்துக்கொண்டு தவிக்கும்போது நாங்கள் இங்கே வீடு வாங்குவதைப் பற்றிப் பேச முடிகிறது என்றால் இந்த ஊர் அவ்வளவு மலிவு. ஏன் மலிவு என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டில் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் சுட்ட உங்களுக்கு இந்த ஊரின் கதை எனக்குப் புரிந்ததைவிட நன்றாகப் புரியும். இது பீங்கான் ஊர். டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஆறு ஊர்களை 1910-ல் ஒன்றாக்கினார்கள், 1925-ல் நகரம் என்ற அந்தஸ்து கிடைத்தது. வெள்ளைப் பீங்கானுக்கான மண் இங்கே கிடையாது, அது தெற்கே கார்ன்வால், டெவன் பக்கமிருந்து கப்பலிலும் கால்வாயிலும் வந்தது. மண்ணைச் சுட அதைப்போலப் பல மடங்கு நிலக்கரி வேண்டும், நிலக்கரி இங்கே காலடியிலேயே இருந்தது. கரியை மண்ணிடம் கொண்டுபோவதைவிட மண்ணைக் கரியிடம் கொண்டுவருவது மலிவு என்று தொழில் இங்கே வேரூன்றிவிட்டது. பாட்டில் வடிவத்தில் செங்கல்லால் கட்டிய பீங்கான் சூளைகள், ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் நின்றனவாம், இப்போது ஐம்பதுக்கும் குறைவு. அந்தச் சூளைகளைச் சுற்றித்தான் தொழிலாளிகளுக்கு இந்த வரிசை வீடுகளைக் கட்டினார்கள். புகை கக்கும் சூளைக்கு நாலு அடி தள்ளி ஆள் குடியிருந்த வீடுகள் இவை, சில தெருக்களில் செங்கல் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. 1956-ல் புகைத் தடைச் சட்டம் வந்தபிறகு எல்லாரும் கேஸ், கரண்ட் சூளைக்கு மாறினார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. இரும்பு ஆலையில் உருக்குவது 1978-ல் நின்றது, 2000-ல் மிச்சமிருந்த பகுதியையும் மூடினார்கள். பக்கத்துச் சில்வர்டேல் நிலக்கரிச் சுரங்கம் 1998-ல் மூடியது. பீங்கான் கம்பெனிகள் வெளிநாட்டில் செய்து வாங்க ஆரம்பித்தன, ஸ்போடு மாதிரி 200 வருஷத்துக்கும் மேலான கம்பெனி 2008-ல் திவாலானது. வேலை போனால் ஆள் போகிறான், ஆள் போனால் வீடு காலியாகிறது, காலி வீட்டுக்கு விலை கிடையாது. நடுவில் 2002 வாக்கில் அரசாங்கம் பழைய தெருக்களை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று ஒரு பெரிய திட்டம் போட்டது. ஆட்களைக் கிளப்பி, சன்னல்களில் தகடு அடித்து, சில தெருக்களை இடித்தும் முடித்தபிறகு, அடுத்து வந்த அரசாங்கம் 2011-ல் பணத்தை நிறுத்திவிட்டது. பாதித் தெரு அப்படியே நின்றுபோனது. அதில் மிஞ்சிய, இந்த ஊரின் கோபிரிட்ஜ் பகுதி வீடுகள் சிலவற்றைத்தான் 2013-ல் நகராட்சி ஒரு பவுண்டுக்கு விற்றது. ஆமாம், ஒரே ஒரு பவுண்டு. அதை வாங்கியவர்கள் பழுது பார்க்க நகராட்சியிடமே சுமார் 30,000 பவுண்டு கடன் வாங்கித் திருப்பிக் கட்ட வேண்டும், குறிப்பிட்ட வருஷங்கள் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஒரு பவுண்டு வீடு என்று செய்தி வந்ததைத் தம்பி அனுப்பினானே, இதுதான் அது. இப்போது அப்படி எதுவும் விற்பனையில் இல்லை, அவனிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது நாங்கள் இருக்கும் வாடகை வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. மாதம் 700 பவுண்டு. அதற்கு மேல் கவுன்சில் வரி, அதாவது நகராட்சி வரி, இது வீட்டுக்காரர் கட்டுவதில்லை, குடியிருப்பவர் கட்டுவது, ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணை. எங்கள் தெரு முழுக்க 'ஏ' பிரிவு, அதாவது 1991-ல் 40,000 பவுண்டுக்கு மேல் போகாத வீடுகள், அதனால் இருப்பதிலேயே குறைந்த வரி. வீட்டின் சுவர் ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது, குளிர் அப்படியே உள்ளே வருகிறது. நவம்பர் வந்தால் காலையில் எழும்போது சுவரில் கை வைத்தால் ஈரம். ஹீட்டரை நாள் முழுவதும் போட்டால் கேஸ் பில் கட்டி மாளாது, போடாவிட்டால் துணி காய்வதில்லை, சன்னலைச் சாத்தினால் ஈரம் தங்கி மூலைகளில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கிறது. போன குளிர்காலம் பாப்பாவின் அறையில் கட்டிலுக்குப் பின்னால் முழுக்க அப்படித்தான், அவளுக்கு இருமல் விடவே இல்லை. வீட்டுக்காரரின் ஏஜென்ட்டிடம் சொன்னால் சன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறார், எழுதிக் கொடுத்தேன், படம் எடுத்து அனுப்பினேன், பெயின்ட் அடித்து மறைத்துவிட்டுப் போனார்கள், பிப்ரவரியில் திரும்ப வந்துவிட்டது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை அப்பா. 2020-ல் ரோச்டேல் என்ற ஊரில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டுப் பூஞ்சையால் மூச்சு முட்டி இறந்தான். அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்து, 2025 அக்டோபரிலிருந்து கெடு வைத்துச் சரி செய்ய வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் அது முதலில் நகராட்சியும் வீட்டு வசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகளுக்குத்தான், எங்களைப்போலத் தனியாரிடம் இருப்பவர்களுக்கு இன்னும் வரவில்லை. மலிவு வீடு என்பது இங்கே பெரும்பாலும் குளிரான வீடு. விலையில் மிச்சம் பிடிப்பதில் ஒரு பகுதி கேஸுக்கும் மருந்துக்கும் போகிறது. வீடு வாங்க நாங்கள் துடிப்பதற்கு முதல் காரணமே இதுதான், சொந்த வீடென்றால் சுவருக்கு உள்பக்கம் இன்சுலேஷன் அடித்துக்கொள்ளலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம்.

மற்றபடி வாழ்க்கை நன்றாகவே இருக்கிறது. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் இலவசம், நடந்தே போகிறோம். ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்கும் காசு வாங்குவதில்லை. இங்கே ஓட்கேக் என்று ஒன்று விற்கிறார்கள், நம் கோதுமை தோசையைப் போலவே இருக்கும், உள்ளே சீஸ் வைத்து மடித்துத் தருவார்கள், அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். அரிசி, மிளகாய்த்தூள் எல்லாம் ஒரு இலங்கைத் தமிழ் அண்ணன் கடையில் வாங்கிக்கொள்கிறோம். 2024 ஆகஸ்ட்டில் ஹான்லியில் கலவரம் நடந்தது உண்மை, மசூதிப் பக்கம் கல்லெறிந்தார்கள், நாங்கள் அன்றைக்கு வெளியே போகவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, கடைக்குப் போக வேண்டுமானால் நான் கூட வருகிறேன் என்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தட்டுகளில் பூ வரையும் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா தூசி நுரையீரலில் படிந்தே இறந்தாராம், இங்கே அந்த நோய்க்குக் குயவர் நோய் என்றே பெயர் இருந்திருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து உங்கள் இருமல்தான் ஞாபகம் வருகிறது. தயவுசெய்து பெரியாஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே எடுத்து, எத்தனை வருஷம் பீங்கான் தூசியில் நின்றீர்கள் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

என் வேலையைப் பற்றியும் கேட்டீர்கள். ஹோட்டல்களுக்குத் தட்டு செய்யும் ஃபாக்டரியில் சூளையில் சரக்கு அடுக்குகிறேன். உங்களோடு லீவு நாட்களில் நின்றது வீண் போகவில்லை, எது எங்கே வளையும் என்று கைக்குத் தெரிகிறது. ஆனால் இங்கே எல்லாரும் கேஸ் விலையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள், 2022-ல் ஏறிய விலை பல பேரை ஆட்டி வைத்துவிட்டது, பர்ஸ்லெமில் ராயல் ஸ்டாஃபர்ட் என்ற பழைய கம்பெனி 2025 பிப்ரவரியில் மூடிவிட்டது. வேலை இல்லாத ஊரில் வீடு வாங்குகிறாயே என்று கேட்பீர்கள். அவள் ஆஸ்பத்திரி வேலையை நம்பித்தான் வாங்குகிறோம், என் சம்பளத்தை நம்பிக் கணக்குப் போடவில்லை.

கணக்கைச் சொல்கிறேன். விலையில் 15 சதவீதம், அதாவது 17,250 பவுண்டு நாங்கள் போட வேண்டும். விசாவில் இருப்பவர்களிடம் சில வங்கிகள் இன்னும் அதிகமாகக் கேட்கின்றன, எங்களுக்கு இதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் கடன், வட்டி நாலே முக்கால் சதவீதம் என்று வைத்து முப்பது வருஷத்துக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 510 பவுண்டு. இப்போது கொடுக்கும் வாடகையைவிடக் குறைவு. முதல் வீடு என்பதால் இந்த விலைக்கு ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது. முன்பணம் முழுக்க எங்கள் சேமிப்பிலேயே இருக்கிறது, வக்கீல் கட்டணத்துக்கும் சேர்த்து. அடியில் முழுக்கச் சுரங்கம் தோண்டிய ஊர் என்பதால் வீடு எந்தச் சுரங்கத்தின் மேல் நிற்கிறது, நிலம் இறங்கியிருக்கிறதா என்று தனியாக ஒரு அறிக்கை வாங்கியே ஆக வேண்டும், அதை வாங்கிவிட்டோம், பெரிதாக எதுவும் இல்லை. ஈரத்துக்கும் கூரைக்கும் சர்வேயர் வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. ஒரே கவலை விசா. ஐந்து வருஷத்தில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைக்கும் என்று நம்பித்தான் 2022-ல் வந்தோம், அதைப் பத்து வருஷமாக்கும் யோசனையை 2025-ல் அறிவித்தார்கள். அதனால்தான் இருப்பதையெல்லாம் இதில் கொட்டாமல் சின்ன வீடாகப் பார்க்கிறோம்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். அது தாத்தா வாங்கியது, தம்பிக்கும் அதில் பங்கு உண்டு, அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. அதை விற்று இங்கே அனுப்பினால் பத்து லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு வங்கியிலேயே 20 சதவீதம் வரி பிடித்துக்கொள்வார்கள், பிறகு நீங்கள் கணக்குக் காட்டித் திரும்ப வாங்க வேண்டும், இங்கே எங்களிடம் பணம் எப்படி வந்தது என்று ஆயிரம் காகிதம் கேட்பார்கள். அதைவிட முக்கியம், இந்த ஊரில் வீட்டு விலை ஏறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பாப்பாவுக்குக் காய்ந்த சுவர் வேண்டும் என்பதற்காக நாங்கள் வாங்குகிறோம், அந்த ஆபத்து எங்களுடையதாக மட்டும் இருக்கட்டும். உங்கள் வயதில் கையிலிருக்கும் ஒரே நிலத்தை இதில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

புரோக்கரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தரகு ஏதாவது கேட்டால் தம்பியிடம் சொல்லுங்கள், அதை நான் அனுப்புகிறேன். சர்வேயர் அறிக்கை வந்ததும் எல்லாப் பக்கத்தையும் தம்பியின் போனுக்கு அனுப்பிவைக்கிறேன், கூரையையும் செங்கலையும் பற்றி நீங்கள் படித்துப் பார்த்து உங்கள் கருத்தைச் சொன்னபிறகுதான் கையெழுத்துப் போடுவோம். வீடு முடிந்தால் அடுத்த மே மாதம் நீங்களும் அம்மாவும் வர வேண்டும், அப்போது குளிர் இருக்காது. லாங்டனில் பழைய பாட்டில் சூளைகளை மியூசியமாக வைத்திருக்கிறார்கள், உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்க்கலாம், உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்