சோடியம் பற்றி நீ கேட்டது

அன்பு மகளுக்கு,

பத்து நாளாகப் பேச்சில்லை. நேற்று ராத்திரி ஒரே வரி: "அப்பா, சோடியம் ஏன் எலக்ட்ரானை இழக்கிறது? நாளைக்குப் பாடம் எடுக்கணும்." சரி, கேட்டதற்கே பதில் சொல்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

சோடியத்தில் 11 புரோட்டான், 11 எலக்ட்ரான். எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று கூடு கூடாக இருக்கும். கடைசி ஒன்று போனால் மிச்சம் 10. புரோட்டான் அதே 11. புரோட்டான் நேர்மின்சுமை, அது ஒன்று கூடுதல், அதனால் சோடியம் அயனிக்குக் கூட்டல் குறி. பிள்ளைகள் இங்கேதான் தடுக்குவார்கள், இழந்தால் கழித்தல்தானே என்பார்கள். போனதே எதிர்மின்சுமை என்று சொல். அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் குளோரினுக்கு 17, வெளிக்கூட்டில் 7. ஒன்று வாங்கி 18 ஆனால் கழித்தல் குறியோடு குளோரைடு அயனி. இதையெல்லாம் ஒரு தடவை சொன்னதுமே பிடித்துக்கொண்டவள் நீ. இன்று ஒரு வகுப்பே உன் கையில். பெருமையாக இருக்கிறது, அதைச் சொல்லக்கூட நீ போனை எடுப்பதில்லை.

சோடியம் "சந்தோஷமாகக் கொடுக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடாதே. பிடுங்கத்தான் வேண்டும், ஒரு மோலுக்கு 496 கிலோ ஜூல். குளோரின் வாங்கும்போது வெளிவருவது 349 தான். கணக்கு உதைக்கிறதா? இரண்டு அயனிகளும் ஒன்றையொன்று இழுத்து உப்புப் படிகமாகச் சேரும்போது சுமார் 787 வெளிவருகிறது. அதுதான் ஈடுகட்டுகிறது.

எட்டாவது படிக்கையில் இதையேதான் நீ கேட்டாய். "பிடுங்கினா அணுக்கரு சும்மா விடுமா அப்பா?" எனக்குப் பதில் தெரியும். பரீட்சைக்கு வேண்டாம் என்று, "புத்தகத்தில இருக்கறத எழுது" என்று நோட்டை உன் பக்கம் தள்ளினேன். நீ எழுதியதை அழித்த அழிப்பில் தாள் கிழிந்தது. அப்புறம் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மொட்டைமாடியில் ஒன்று கேட்டாயே, அதற்கும் ஏறக்குறைய இதே பதில்தான் சொன்னேன். அன்று நான் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் அம்மா. தப்பு என்னுடையது.

மாப்பிள்ளை திரும்பிவிட்டாரா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

சோடியம் ஏன் இரண்டாவது எலக்ட்ரானை விடுவதில்லை என்று எவனாவது கேட்பான். அது உள்கூட்டில் இருப்பது, பிடுங்க 4562 ஆகும் என்று சொல். கேட்டவனை அதட்டாதே. வேளைக்குச் சாப்பிடு. ராத்திரியிலும் என் போன் தலைமாட்டில்தான் இருக்கிறது.

அப்பா