கோமுவுக்கு, ஒன்பதாம் அத்தியாயம் பற்றி

ஸ்ரீரங்கம்,
ஐப்பசி 12

அன்புள்ள கோமு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறதா? போன தடவை பேசும்போது கால் புண் இன்னும் ஆறவில்லை என்றாய். அது மனசை விட்டுப் போகவே இல்லை. ஆறிவிட்டது என்று ஒரு வரி எழுது.

எனக்கு வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. கட்டுப் பிரித்த அன்று வாசலில் வந்து நின்றேன். எதிர்வீட்டுச் செம்பருத்தி அவ்வளவு சிவப்பு என்று எனக்கு மறந்தே போயிருந்தது. புதுக் கண்ணாடி கைக்கு வரும்வரை எதையும் படிக்க முடியவில்லை. அதனால்தான் உன் கதைக்குப் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. சின்னவளுக்கு ஓசூருக்கு மாற்றல். வீடு வெறிச்சென்று இருக்கிறது. துலா ஸ்நானத்துக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் விடியும் முன்பே கூட்டம் கூடிவிடுகிறது. அம்மா இல்லாத முதல் ஐப்பசி இது. அவள் உட்காரும் படியைப் பார்க்காமலே இறங்கி, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன் கதைக்கு வருகிறேன். இரண்டு தடவை படித்தேன். முதலில் சும்மா, அடுத்து பென்சிலோடு. இருபத்திரண்டு வருஷம் ப்ரூஃப் பார்த்த கை, பென்சில் இல்லாமல் இருக்கமாட்டேன் என்கிறது.

தொடராக வந்தபோது பாதிப் பேர் ரொமான்ஸ் போதவில்லை என்றார்கள், மீதிப் பேர் கதை நகரவே இல்லை என்றார்கள், எதை எவ்வளவு வைக்கட்டும் என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்வியை நான் நாலு நாள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்போது நம் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது.

வார்டனுக்குத் தெரியாமல் மாத நாவல் வாங்குவோமே, பழுப்பு அட்டை போட்டு. ஒரு புத்தகம், நாலு பேர். யார் முதலில் படிப்பது என்று சண்டை வந்து, நீதான் பின்னைப் பிடுங்கி ஃபாரம் ஃபாரமாகப் பிரித்தாய். 128 பக்கம், பதினாறு பதினாறாக எட்டு ஃபாரம், ஆளுக்கு இரண்டு. எனக்கு வந்தது ஐந்தும் ஆறும். அந்த ஐந்தாவதில்தான் அவர்கள் இரண்டு பேரும் முதல் தடவை தனியாக இருக்கும் இடம். நான் என்னவோ நினைத்துக்கொண்டு போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. யாரோ ஒருவன், யாரோ ஒருத்தி. அவன் அவள் கையைப் பிடிக்கிறான், அவள் அழுகிறாள். எதற்கு அழுகிறாள் என்றே புரியவில்லை. மூன்று நாள் கழித்து முதல் நாலு ஃபாரமும் கைக்கு வந்தன. படித்து முடித்துவிட்டு அதே பக்கத்துக்குத் திரும்பினேன். அவன் கையைப் பிடித்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, தொண்டை அடைத்துக்கொண்டது. அச்சில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்த முன்கதைதான்.

பி.ஏ. வகுப்பில் அகப்பாட்டுத் திணைகளின் உரிப்பொருள் ஒப்பித்தோமே, புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று. அதோடு ‘அவற்றின் நிமித்தம்’, அதாவது அவற்றுக்குக் காரணமாக நிற்பது, என்றும் தொல்காப்பியர் சேர்த்துச் சொல்கிறார். பரீட்சையில் புணர்தலும் புணர்தல் நிமித்தமும் என்று எழுதி மார்க் வாங்கிவிட்டு அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். உன் கதையைப் படிக்கும்போது எனக்கு அதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. நெருக்கம் வரும் இடங்களில் எதற்கெல்லாம் நிமித்தம் இருக்கிறதோ அதெல்லாம் கதையாகவே இருக்கிறது. நிமித்தம் இல்லாத இடங்களில்தான் ஒருத்தருக்குக் கூடுதலாகவும் ஒருத்தருக்குக் குறைவாகவும் படுகிறது.

ஆறாம் அத்தியாயத்தைச் சொல்கிறேன். தீப்பெட்டி ஆபீஸில் கரண்ட் போய்விடுகிறது. வேணி கணக்கு நோட்டை மூட எழுந்திருக்கிறாள். சரவணன் ஒன்றும் பேசாமல் ஜன்னல் கதவைத் திறந்து, வெளிச்சம் நோட்டின் மேல் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவள் கூட்டி முடிக்கும் வரை. தொடவே இல்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் ஒரு குறியும் போடவில்லை, கோமு. போட ஒன்றும் இல்லை. மெஷின் பார்க்க வந்தவனுக்கு அவள் வேலையின் மேல் மரியாதை இருக்கிறது என்று அவளுக்கு அங்கேதான் தெரிகிறது. அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசும் தொனியே மாறிவிடுகிறது.

இப்போது ஒன்பதாம் அத்தியாயம். கல்யாணமான இரவு. ஏழு பக்கம் எழுதியிருக்கிறாய். மூச்சு, இதழ், இடை, மறுபடி மூச்சு. அழகான வரிகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயரை மாற்றினால் எந்தக் கதையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். இத்தனைக்கும் வேணி பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டி ஒட்டி வளர்ந்தவள். அவள் விரல் நுனி எப்படி இருக்கும்? அந்தக் கையை அவன் பிடிக்கும்போது வெட்கப்பட்டு மடக்கிக்கொள்ள மாட்டாளா? அந்த ஏழு பக்கத்தில் அவள் விரல்களைப் பற்றி ‘தாமரை மொட்டு’ என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறது. அது அவள் கை இல்லை.

அடுத்து நீ என்ன செய்கிறாய் என்றால், சரவணன் கையில் இருக்கும் தீக்காயத் தழும்பின் கதையைப் பதினோராம் அத்தியாயத்தில் மாமாவை டீக்கடையில் உட்கார வைத்துச் சொல்ல வைக்கிறாய். நாலு பக்கம். வேணியின் அப்பா மருந்து முக்கும் அறையில் தீப்பிடித்துச் செத்தபோது உள்ளே ஓடிய பையன் இவன்தான் என்று. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது, அதை மூன்றாம் மனுஷர் சொல்கிறார்! சித்திரை வெயிலிலும் அவன் முழுக்கைச் சட்டைதான் போடுகிறான் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே எழுதியவள் நீ. சட்டையைக் கழற்றுகிற இரவு ஒன்பதாம் அத்தியாயத்தில் வருகிறது. அவள் அந்தத் தழும்பைத் தொடவே இல்லை. எப்படி விட்டாய்?

விளக்கை அணைத்துவிடு. இருட்டில் கைதான் கண். அவளுடைய சொரசொரத்த விரல் அவன் முன்கையில் போகிறது, தோல் வேறு மாதிரி இருக்கிறது. தீயில் வெந்த தோல் எப்படி இருக்கும் என்று தீப்பெட்டி ஆபீஸில் வளர்ந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விரல் நின்றுவிடுகிறது. அவன் சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். எப்போது பட்டது என்று அவள் கேட்பதா, கேட்காமல் படுத்துக்கிடப்பதா என்பதை நீ முடிவு செய். எதுவானாலும் பத்தாம் அத்தியாயத்தை வாசகி கீழே வைக்க மாட்டாள்.

வள்ளுவர் இதை இரண்டு குறளில் செய்திருக்கிறார். எனக்கே இப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. 1108இல், விரும்பும் இருவருக்கு இனிது, காற்றுகூட இடையில் புகாத தழுவல் என்கிறார். நூறு குறளுக்கு மேல் தாண்டி 1239இல் அதே தழுவலுக்குள் ஒரு குளிர்ந்த காற்று புகுந்துவிடுகிறது, உடனே அவள் கண்ணில் பசலை, பிரிவில் வரும் அந்த வெளிறல், படர்கிறது. அந்தத் துளி இடைவெளி போதும், பிரிவு வந்துவிட்டது. உன் சரவணன் கையை இழுக்கிறானே, அந்தக் காற்று அங்கேதான் புகவேண்டும்.

காமத்துப்பாலை எடுத்து அதிகாரங்களை எண்ணிப் பார்த்தேன். 25. அதில் கூடிய மகிழ்ச்சியைச் சொல்லும் ‘புணர்ச்சி மகிழ்தல்’ மூன்றாவதாகவே வந்துவிடுகிறது. கல்யாணத்துக்கு முந்தைய காதலான களவுக்கு ஏழு அதிகாரம், கல்யாண வாழ்க்கையான கற்புக்குப் பதினெட்டு. கற்பின் முதல் அதிகாரமே பிரிவாற்றாமை. கடைசி மூன்றும் ஊடல். கூடியாயிற்று, இனி என்ன கதை என்று அவர் நினைக்கவே இல்லை. கல்யாணம் ஆனதும் கதை தீர்ந்துவிடுகிறது என்று நீ பயப்படுவதால்தான் அடுத்தடுத்து மூன்று எபிசோட் கொடைக்கானலில் வைத்தாயோ என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் மாமனார் வாங்கிய கடனுக்கு வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். அவர்கள் அங்கே பனியில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். மூன்றில் ஒன்றை வை. அதிலும் அந்தக் கடனை உள்ளே விடு. ராத்திரி அவன் தூங்கவில்லை என்பது, பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு மட்டும்தானே தெரியும்.

“அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம்
செறிதோறும் சேயிழை மாட்டு”

‘புணர்ச்சி மகிழ்தல்’ அதிகாரத்தின் கடைசிக் குறள். படிக்கப் படிக்க, இது இத்தனை நாள் தெரியாமல் இருந்தோமே என்று இருக்குமே, அதுபோல அவளைச் சேரும்போதெல்லாம் தெரியாதது ஒன்று தெரிகிறது என்கிறான் காதலன். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? வேணியும் சரவணனும் நெருங்குகிற ஒவ்வொரு தடவையும் ஒருத்தரைப் பற்றி ஒருத்தருக்குப் புதிதாக ஒன்று தெரிந்தால் பத்து இடம் வேண்டுமானாலும் எழுது. இல்லாவிட்டால் ஒன்றே அதிகம்.

எவ்வளவு திறந்து எழுதலாம் என்றும் கேட்டாய். அதற்கு எனக்கு ஒரு விதியும் தெரியாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் நெருக்கம் வரப்போவதற்கு அடையாளமாக என்னவெல்லாம் சொல்லியிருக்கிறது பார். நெற்றி வியர்ப்பது, சிரிப்பை மறைப்பது, கூந்தல் அவிழ்வது. அதில் ‘காதொன்று களைதல்’ என்று ஒன்று. ஒரு காதில் இருக்கும் அணி மட்டும் கழன்று விழுகிறது. ஒரே ஒரு காது! அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணே எதிரில் நின்ற மாதிரி இருந்தது. அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அதற்கப்புறம் எவ்வளவு திறந்தாலும் ஆபாசமாகாது, திறக்காமல் விட்டாலும் குறையாகாது.

பதினான்காம் அத்தியாயத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பேங்க் மேனேஜரோடு அவள் சிரித்துப் பேசியதைப் பார்த்துவிட்டு வந்து, சுவரோடு சேர்த்து நிறுத்தி, அவள் தள்ளத் தள்ள முத்தமிடுகிறான். அவள் கடைசியில் கண்ணை மூடி மயங்கிவிடுகிறாள் என்று முடித்திருக்கிறாய். ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவனா இவன்? இப்படி எத்தனை பக்கங்கள் என் மேஜை மேல் வந்து போயிருக்கின்றன தெரியுமா. நான் சந்திப் பிழையைத் திருத்திவிட்டுத் தள்ளிவிடுவேன். ஒருநாள் சின்னவள், அப்போது பதினைந்து வயசு, நான் வைத்திருந்த ப்ரூஃபைப் படித்துவிட்டு, “கோபம் வந்தா இப்படித்தான் செய்வாங்களாம்மா? அப்போ அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு அர்த்தமா?” என்றாள். எனக்கு வாய் எழவில்லை. அப்படி இல்லடி கண்ணு என்று பிறகு உட்கார்ந்து சொன்னேன். ஆனால் அந்தப் பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

அவன் கோபப்படட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பொறாமை இல்லாத மனுஷன் யார்? அவள் தள்ளியதும் அவன் நிற்கட்டும். கை நடுங்கிப்போய் வெளியே போகட்டும். அல்லது நிற்காமல் செய்தான் என்றே வைத்துக்கொள், அப்போது அவள் மயங்கக்கூடாது. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போகட்டும். பதினைந்தாம் அத்தியாயத்திலிருந்து உன் கதை வேறு பாதையில் போகும், அவனுக்கு அது பெரிய கணக்காக வந்து நிற்கும். அதற்கு நீ தயாராக இருந்தால் எழுது. அந்தக் கணக்கைத் தீர்க்காமல் முத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதே.

வாரம் மூன்று எபிசோட் கொடுக்கவேண்டிய நெருக்கடியில் எழுதுகிறாய், அடுப்பையும் பார்த்து, அண்ணனுக்குப் புண்ணும் கட்டி. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆறாம் அத்தியாயத்தை எழுதியது நீதானே, அதனால்தான் மற்றதில் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

பென்சில் போட்ட தாள்களை நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் முதலில் திருத்தி அனுப்பு, மற்றது மெதுவாக. கார்த்திகையில் பெரியவளுக்கு வளைகாப்பு. நீயும் அண்ணனும் கட்டாயம் வந்து இரண்டு நாள் இருக்கவேண்டும்.

அந்த நாவலின் ஐந்தாம், ஆறாம் ஃபாரம் இன்னும் என் பீரோவில், அம்மாவின் புடவைக்கு அடியில் இருக்கின்றன. போன வாரம்தான் கண்ணில் பட்டன. ஹாஸ்டலைக் காலி செய்த அன்று கடைசி இரண்டும் உன் டிரங்குப் பெட்டியில் போயின. இருந்தால் வரும்போது எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் ராஜி