எங்கள் மகளுக்கு இடம் கொடுத்த சீனப் பள்ளிக்கு

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் கிள்ளான் நகரில் நான்கு சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஆறாண்டுப் படிப்பை முடித்து எங்கள் மகள் வெளியே வந்திருக்கிறாள். எந்தப் பள்ளி என்று எழுதப் போவதில்லை. உதவியவர்களில் பலர் தங்கள் பெயர் வெளியே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பள்ளியைச் சொன்னால் அவர்களைச் சொன்ன மாதிரிதான். படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். நேரில் நன்றி சொன்னபோதெல்லாம் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று கையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினீர்கள். இந்த முறை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

முதல் நன்றி, நாங்கள் கண்ணால் கண்டிராதவர்களுக்கு. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வந்தபோது சீன இடைநிலைப்பள்ளிகளுக்கு இரண்டே வழிகள்தான் இருந்தன. பயிற்றுமொழியை மாற்றிக்கொண்டு அரசு மானியம் வாங்கலாம். மொழிதான் வேண்டும் என்றால் மானியத்தை மறந்துவிட வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் மாறின. மாறாமல் நின்றவற்றின் மரபில்தான் இன்று நாடு முழுவதும் அறுபதுக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகள் நடக்கின்றன. சீன ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைமை ஏற்றிருந்த லிம் லியன் கியோக் அந்தப் போராட்டத்தில் ஆசிரியர் உரிமத்தை இழந்தார், குடியுரிமையையும் இழந்தார். அவர் மறைந்த டிசம்பர் 18ஆம் நாளைச் சீனக் கல்வி நாளாக இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

மகள் ஒரு நாள் இதை வீட்டில் வந்து சொன்னபோது என் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; எல்லாம் ஆறாம் ஆண்டோடு சரி. தமிழில் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூடக் கிடையாது. "அவர்களிலும் பள்ளிக்குக் காசு கொடுத்தவன் மீன் விற்றவன்தானே, நாம் ஏன் செய்யவில்லை" என்றார். அவர் சொன்னதில் பாதிதான் நியாயம். தோட்டத்துக்குள் அடைபட்டுக் கிடந்த கூலிக்காரனுக்குக் கடைத்தெரு ஏது, வணிகர் சங்கம் ஏது? ஆனாலும் மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

பள்ளி மண்டபத்துக்குப் போகும் படிக்கட்டின் ஓரத்தில் ஒரு பளிங்குச் சுவர் இருக்கிறது. கட்டட நிதிக்குக் கொடுத்தவர்களின் பெயர்கள், தொகை வாரியாக. மேலே பெரிய எழுத்தில் வள்ளல்கள், நிறுவனங்கள், குலச் சங்கங்கள். கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வரும். கடைசி வரிசைகளைப் படிக்கக் குனிய வேண்டும். அங்கேதான் காய்கறிக் கடை, முடிதிருத்தகம், சைக்கிள் கடை எல்லாம் வரும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் நான் அந்தக் கடைசி வரிசைகளைத்தான் பார்ப்பேன். நிதி நெருக்கடியும் மாணவர் குறைவும் இந்தப் பள்ளிகளை மூடும் நிலைக்குத் தள்ளியபோது, 1973இல் பேராக் மாநிலத்தின் ஒன்பது பள்ளிகளுக்காக ஒரு மீட்பு இயக்கம் கிளம்பி நாடு முழுவதும் பரவியது. 1975 முதல் தங்களுக்கென்று ஒரு பொதுத் தேர்வையே நடத்துகிறார்கள். அந்தத் தேர்வின் பெயர் யு.இ.சி.; இப்போது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் அதற்குக் கதவைத் திறக்காத காலத்திலேயே தைவானும் சிங்கப்பூரும் ஏற்றுக்கொண்டுவிட்டன. எங்கள் மகளும் தைவானுக்குத்தான் போகிறாள், பொறியியல் படிக்க.

இனி நேரில் கண்டவர்கள்.

மகள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது கணவருக்கு விபத்து. லாரி ஓட்டுகிறவருக்குக் கால் போனால் வருமானமும் போயிற்று. துறைமுகத்தில் எனக்கு வரும் எழுத்தர் சம்பளத்தில் வீட்டுக் கடனைக் கட்டினால் பள்ளிக் கட்டணத்துக்கு மிஞ்சாது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரிங்கிட். விலகல் கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். கடிதத்தை வாங்கிய அம்மையார் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். "இரண்டு வாரம் பொறுங்கள்" என்றார். பழைய மாணவர் ஒருவர் கட்டிவிட்டாராம். அடுத்த ஆண்டும் அவரே. யாரென்று கேட்டால் அம்மையார் வேறு பேச்சை எடுத்துவிடுவார். ஐயா, நீங்கள் சீனரா, எந்த ஊர், என்ன தொழில் என்று எதுவும் எங்களுக்குத் தெரியாது. உங்கள் பெயர் தெரிந்தால் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்யலாம் என்று என் மாமியார் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கணித லாவ்ஷி (சீனத்தில் ஆசிரியர்), உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளிகளில் மதிப்பெண் போதாவிட்டால் அதே வகுப்பில் மறுபடியும் உட்கார வேண்டியதுதான். யார் பிள்ளை என்று பார்ப்பதில்லை. மகள் அந்த விளிம்பில் நின்ற ஆண்டில், பள்ளி முடிந்து ஐந்து மணி வரை அவளோடு உட்கார்ந்தீர்கள். ஒரு காசு வாங்கவில்லை. சிரிக்கவும் இல்லை என்பாள் மகள்.

சிற்றுண்டிச்சாலை ஆன்டிக்கு: அவள் வெள்ளிக்கிழமை சைவம் என்று ஒருமுறை சொன்னதுதான். அதன் பிறகு எல்லா வெள்ளியும் பன்றிக்கொழுப்பு படாத தனிச் சட்டியில் மீஹூன் (அரிசிச் சேமியா) கிளறி வைத்தீர்கள். நீங்களும் அமாவாசை, பௌர்ணமியில் சைவம் என்று பின்னால்தான் தெரிந்தது.

கட்டொழுங்கு ஆசிரியருக்கும் நன்றி. முடி நீளத்துக்கெல்லாம் நடத்தை மதிப்பெண்ணைக் குறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு இருக்கிறது, புறப்பாட நேரத்தோடு மோதுகிறது என்று நான் கடிதம் எழுதியதும், அவளைப் பிற்பகல் பிரிவுக்கு மாற்றியவர் நீங்கள்தான். "தாய்மொழி வகுப்பென்றால் விட வேண்டாம்" என்று ஒரே வரியில் பதில் எழுதினீர்கள். அவள் எஸ்.பி.எம். என்னும் அரசு இடைநிலைத் தேர்வில் தமிழ் எழுதித் தேறினாள். சீனப் பள்ளிக்கு அனுப்பினால் தமிழை மறந்துவிடுவாள் என்ற உறவினர்களுக்கு அந்த மதிப்பெண் பட்டியலைக் காட்டினேன். மறக்காமல் எல்லாருக்கும் காட்டினேன்.

அவள் பள்ளிக் குழுவில் அடித்த இருபத்து நான்கு பருவ முரசைப் பற்றிச் சொல்லாவிட்டால் மகள் என்னை மன்னிக்க மாட்டாள். பழைய சீனக் கலை போலத் தோன்றும். பிறந்தது நம் ஜொகூர் பாருவில், 1988இல். டான் சாய் புவாவும், ஃபூன் யூ பள்ளி இசையாசிரியர் டான் ஹூய் சொங்கும் சேர்ந்து உருவாக்கினார்கள். சீன நாட்காட்டியில் ஆண்டுக்கு இருபத்து நான்கு பருவங்கள்; சூரியன் பதினைந்து பாகை நகர்வதற்கு ஒரு பருவம், பருவத்துக்கு ஒரு முரசு. முரசின் உடலில் பருவத்தின் பெயர் தூரிகை எழுத்தில். 2009இல் தேசிய மரபுரிமையாகவும் அறிவித்தார்கள். மகளுக்குக் கிடைத்தது ஜூன் தொடக்கத்தில் வரும் விதைப்புப் பருவம். நம் ஆடிப்பட்டம் போலவா என்று மாமியார் கேட்டார். முழங்காலை மடக்கி, அரை உட்காரலில் நின்று அடிக்க வேண்டும். முதல் மாதங்களில் விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். வெள்ளை நாடாவைச் சுற்றிக்கொண்டு போவாள், மாலையில் அது பழுப்பாகி வரும்.

ஒருநாள் ஓய்வு நேரத்தில் முரசின் விளிம்பில் தைப்பூச உருமி அடியைத் தட்டிக்கொண்டிருந்தாளாம். பயிற்றுநர் வந்து நின்று கேட்டார். பாராட்டவில்லை. எத்தனை அடிக்கு ஒரு சுற்று என்று மட்டும் கேட்டு, தாளில் குறித்துக்கொண்டு, "சரி, உன் இடத்துக்குப் போ" என்றார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எந்த விழாவிலும் அவளுக்குப் புடவை கட்டிவிட்டு, மேடை நடுவில் நிறுத்தி, பல்லின ஒற்றுமை என்று படம் எடுக்கவில்லை. இருபத்து நான்கு பேரில் ஒருத்தி. கை பிந்தினால் திட்டு. பள்ளி தன் வழக்கத்தில் ஒன்றையும் அவளுக்காக மாற்றிக்கொள்ளவில்லை. நுழைவாயிலில் "ஒழுக்கம், நேர்மை, தூய்மை, நாணம்" என்று பொறித்திருக்கிறது. சீனப் பிள்ளைகளோடு அவளும் அதன் கீழே நின்றுதான் ஆறாண்டும் ஆசிரியருக்குத் தலைவணங்கினாள். அவளிடமும் எதையும் மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. நெற்றியில் விபூதியோடுதான் போய் வந்தாள்.

கடைசியாக ஒரு செய்தி. பள்ளிக்கு நிதி திரட்டும் அடுத்த சந்தையில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு கடை கொடுத்திருக்கிறார்கள். மசால் வடை, தோசை, இஞ்சித் தேநீர். வரும் பணம் முழுவதும் கட்டண உதவி நிதிக்கு. மாவு அரைக்க மாமியார், கல்லாவில் கணவர். போன தடவை பக்கத்துக் கடையில் பத்து மணிக்கே எல்லாம் தீர்ந்துவிட்டது. கூப்பனை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
விதைப்புப் பருவத்தின் அம்மா
கிள்ளான்