தங்கையின் ரிப்போர்ட் பற்றி

அன்புத் தோழிக்கு,

மகனுக்குக் கோவையில் வேலை கிடைத்ததை எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். ஆனால் உன் தங்கை விஷயத்தைப் படித்த பிறகு வேறெதிலும் மனம் போகவில்லை.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஏபிடிடி டெஸ்டில் நேரம் அதிகமாக வந்திருக்கிறது, ரத்தம் சீக்கிரம் உறையாதாம், அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம் என்று எழுதியிருக்கிறாய். அவளைப் போல லூபஸ், அதாவது நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய், இருப்பவர்களுக்கு அது நேர்மாறாகவும் இருக்கலாம்டி. லூபஸ் வந்தவர்களில் சுமார் 30 முதல் 40 சதவீதம் பேருக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் என்கிற ஆன்டிபாடிகள் உடம்பில் உருவாகின்றன. இவற்றில் ஒரு வகை லேபில் குழாயில் எடுத்த ரத்தத்தை உறைய விடாமல் தாமதப்படுத்தும், அதே ஆன்டிபாடி உடம்புக்குள்ளோ ரத்தக்குழாயில் ரத்தக்கட்டியை உண்டாக்கும். லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற டாக்டர் 1983-லேயே இதைத் தெளிவாக விவரித்துவிட்டார். ஆன்டிபாடி இருக்கும் எல்லாருக்கும் கட்டி வந்துவிடாது, அதனால் பயந்துவிடாதே, ஆனால் லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன் என்று இந்த ஆன்டிபாடிகளுக்கான மூன்று டெஸ்டையும் பார்க்கச் சொல். ஏதாவது காய்ச்சல், தொற்று வந்தால்கூட தற்காலிகமாக பாசிட்டிவ் வரும், அதனால்தான் 12 வாரம் கழித்து மறுபடி எடுக்கிறார்கள். அந்த இரண்டாவது டெஸ்டை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு இதே கோளாறால் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தபோது வீட்டில் எல்லாரும் சுளுக்கு என்றுதான் சொன்னார்கள், பக்கத்து வீட்டு அக்கா உருவிவிட எண்ணெயோடு வந்துவிட்டார். நல்லவேளை, அதற்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி என்று தெரிந்தது. அந்த மாதிரிக் காலை உருவவே கூடாது, கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, கை மரத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நான் இப்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறேன், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்றாலும் அதை விட்டுவிடவில்லை, வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடுகிறேன். ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகளுக்கு மாறலாமே என்று யாராவது சொன்னால், மூன்று டெஸ்டும் பாசிட்டிவ் என்றால் மாறக் கூடாது, அந்தப் புது மாத்திரைகள் அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டியைச் சரியாகத் தடுப்பதில்லை.

இன்னொன்று, இதை அவளிடம் நீயே சொல். கோயில் விசேஷத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை, கருத்தடை மாத்திரை எதையும் லூபஸ் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது, முக்கியமாகக் கட்டி வரும் அபாயத்தைக் கூட்டும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உள்ளவை. அவளுக்குக் கல்யாணம் பேசுகிறீர்களே, அதை நிறுத்த வேண்டாம். இந்த ஆன்டிபாடி இருந்தால் கரு கலைய வாய்ப்பு உண்டு, ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசியும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் எடுத்துக் குழந்தை பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முன்கூட்டியே டாக்டரிடம் திட்டம் போட்டுக்கொண்டால் போதும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை மட்டும் அவளாக நிறுத்திவிடக் கூடாது, அது லூபஸுக்கு மட்டுமல்ல, கட்டி வராமல் இருக்கவும் உதவுகிறது.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு. ராத்திரி எவ்வளவு நேரமானாலும் சரி, கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழி