2005 ஜனாதிபதித் தேர்தலைத் தீர்மானித்தது எது? கணக்கை வைத்துப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் ஒன்று நெருங்கும்போதெல்லாம் 2005 நவம்பர் 17 தேர்தல் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. வடக்கின் தமிழர் அன்று பகிஷ்கரிக்காமல் வாக்களித்திருந்தால் ரணில் விக்கிரமசிங்க வென்றிருப்பார் என்கிறது ஒரு தரப்பு. தெற்கின் சிங்கள வாக்குத்தான் மஹிந்த ராஜபக்ஷவைக் கொண்டுவந்தது, தமிழரைக் குறை சொல்லாதீர்கள் என்கிறது மறுதரப்பு. இரு தரப்பும் தொடாத ஒரு கணக்கு இருக்கிறது.

மஹிந்த பெற்றவை 4,887,152 வாக்குகள், 50.29 சதவீதம். ரணில் பெற்றவை 4,706,366, அதாவது 48.43 சதவீதம். வித்தியாசம் 180,786. எல்லோரும் பிடித்துக்கொள்வது இந்த எண்ணைத்தான். ஆனால் எமது தேர்தல் முறையில் முதல் எண்ணிக்கையிலேயே வெல்வதற்கு முன்னிலை மட்டும் போதாது, செல்லுபடியான வாக்குகளில் பாதியைத் தாண்ட வேண்டும். அன்று செல்லுபடியானவை 9,717,039. பாதியைத் தாண்டத் தேவையான ஆகக் குறைந்த தொகை 4,858,520. மஹிந்த அதைத் தாண்டியது வெறும் 28,632 வாக்குகளால். அந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகளே 109,869. எல்லைக்கோடு இவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது, முப்பதாயிரம் வாக்குகளை அசைத்த எந்தக் காரணத்தையும் "தீர்மானித்த காரணம்" என்று சொல்லிவிடலாம். அப்படியான காரணங்கள் ஒன்றல்ல, பல.

தெற்கில் முதலாவது, மக்கள் விடுதலை முன்னணி எனப்படும் ஜே.வி.பி. 1999 இல் அந்தக் கட்சி தனி வேட்பாளரை நிறுத்தி 344,173 வாக்குகள் எடுத்தது. 2005 இல் தனித்துப் போட்டியிடவில்லை. செப்டெம்பரில் மஹிந்தவுடன் ஒப்பந்தம் செய்து, தனது தொண்டர் படையைக் கிராமம் கிராமமாக அவருக்காக இறக்கியது. அதே மாதத்தில் சிங்கள தேசியவாதக் கட்சியான ஜாதிக ஹெல உறுமயவும் உடன்படிக்கை செய்தது. ஒற்றையாட்சி, விடுதலைப் புலிகளுடனான போர்நிறுத்த உடன்படிக்கையை மீளாய்வு செய்தல், சுனாமி நிவாரணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து நடத்துவதற்கான பொதுக்கட்டமைப்பைக் கைவிடுதல் ஆகியவைதான் அந்த ஆதரவுக்குக் கொடுக்கப்பட்ட விலை. பொதுக்கட்டமைப்பு ஜூன் 24 இல் கைச்சாத்தாவதற்கு முன்பே ஜே.வி.பி. அரசிலிருந்து வெளியேறியிருந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஓகஸ்ட் 12 இல் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டார். 2002 பெப்ரவரி போர்நிறுத்தத்தைக் கொண்டுவந்தவர் என்ற பெயரே ரணிலுக்குத் தெற்கின் பல இடங்களில் சுமையாக மாறியது இந்தச் சூழலில்தான்.

இரண்டாவது, வயிற்றுப்பாடு. இதை எமது பத்திரிகைகள் போதிய அளவு எழுதுவதில்லை. 50 கிலோ உரமூட்டை 350 ரூபாவுக்குத் தரப்படும் என்ற மஹிந்தவின் வாக்குறுதி, நெற்செய்கைக் குடும்பம் ஒவ்வொன்றும் தானே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. ஏக்கருக்கு இத்தனை மூட்டை, இன்றைய விலை இது, மிச்சம் இவ்வளவு என்று வயல் வரம்பிலேயே அது முடிந்துவிடும். 2002 முதல் 2004 வரையான ரணில் அரசு செலவைச் சுருக்கியதும், அரச வேலைவாய்ப்பை இறுக்கிப் பிடித்ததும் மக்களுக்கு மறந்துபோகவில்லை. சமாதானத்தின் பலன் கொழும்பின் வர்த்தகத்துக்குப் போனது, எங்களுக்கு என்ன வந்தது என்று கேட்ட அநுராதபுரத்து விவசாயியை இனவாதி என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையான ஆய்வல்ல.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் மலையகம் நின்றது. தோட்டத் தொழிலாளர் கட்சிகளான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் மலையக மக்கள் முன்னணியும் ரணிலை ஆதரித்தன, நுவரெலியா மாவட்டம் அவருக்கு 70 சதவீதத்துக்கும் மேல் கொடுத்தது. முஸ்லிம் காங்கிரஸும் அவர் பக்கமே. ஆக, ரணிலின் 48 சதவீதத்தில் சிறுபான்மையினரின் பங்கு பெரியது.

இனி வடக்கு கிழக்கு. தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில், இந்தத் தேர்தலில் தமிழருக்கு அக்கறை இல்லை என்று விடுதலைப் புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அறிவித்தன. யாழ். மாவட்ட வாக்காளர் இடாப்பில் இருந்த 701,938 பேரில் வாக்களித்தவர்கள் 8,524 பேர், 1.21 சதவீதம். வன்னியில் 34 சதவீதம், மட்டக்களப்பில் 48 சதவீதம். இரு வேட்பாளர் மீதும் நம்பிக்கை இழந்து, தாமாகவே வீட்டில் இருந்தவர்கள் நிச்சயம் இருந்தார்கள். ஆனால் 1.21 என்ற எண்ணை வெறுப்பு மட்டும் தராது. அது அச்சத்தின் எண். இந்தப் பகிஷ்கரிப்புக்காகப் புலிகளுக்குப் பணம் கைமாறியது என்ற குற்றச்சாட்டும் பின்னர் எழுந்தது, அதற்குள் நான் போகவில்லை. வாக்குக் கணக்கு அது இல்லாமலே நிற்கும்.

அந்த மக்கள் வாக்களித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2004 ஏப்ரல் பொதுத் தேர்தலை அளவுகோலாக எடுப்போம். அப்போது யாழ்ப்பாணத்தில் செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 284,000, வன்னியில் 140,000, மட்டக்களப்பில் 241,000. இதே அளவு வாக்குகள் 2005 இலும் விழுந்து, அன்று உண்மையில் வாக்களித்தவர்கள் பிரிந்த அதே வீதத்தில் பிரிந்ததாக வைப்போம். யாழ்ப்பாணத்தில் ரணிலுக்கு 70 சதவீதம், மஹிந்தவுக்கு 25. வன்னியில் 78க்கு 20. மட்டக்களப்பில் 79.5க்கு 19. இந்த மூன்று மாவட்டங்களின் மேலதிக வாக்குகளையும் சேர்த்தால் ரணில் ஏறத்தாழ 50 இலட்சத்து 14 ஆயிரம், மஹிந்த 49 இலட்சத்து 84 ஆயிரம். ரணில் முப்பதாயிரத்தால் முன்னுக்கு வருகிறார். ஆனால் அவருடைய பங்கு 49.5 சதவீதம்தான், மஹிந்தவுக்கு 49.2. ஒருவருமே பாதியைத் தாண்டவில்லை.

2004 இல் யாழ்ப்பாணத்தில் கள்ளவாக்கு நடந்தது, அந்த எண்ணை நம்ப முடியாது என்று சிலர் சொல்வார்கள். நியாயமான ஆட்சேபம். அப்படியானால் புலிகள் இல்லாத 2010 ஐ எடுப்போம். அந்த ஜனாதிபதித் தேர்தலில்கூட யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 25.66 சதவீதமே. இடம்பெயர்ந்தோரும் புலம்பெயர்ந்தோரும் இடாப்பில் அப்படியே கிடந்ததும் இதற்கு ஒரு காரணம். வன்னியையும் மட்டக்களப்பையும் முதல் கணக்கில் உள்ளபடியே விட்டு, யாழ்ப்பாணத்துக்கு மட்டும் இந்த வீதத்தைப் போட்டால் மஹிந்த சுமார் இருபதாயிரத்தால் முன்னிலையில் இருக்கிறார். ஆனால் இம்முறையும் அவருக்கு 49.4 சதவீதம்தான், ரணிலுக்கு 49.2.

வீட்டில் இருந்தவர்கள், வாக்களிக்கப் போனவர்களைவிட இன்னும் கூடுதலாக ரணில் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் முதல் கணக்கில் அவர் முன்னிலை இன்னும் கூடும், இரண்டாவதிலும் அவர் முந்தியிருக்கலாம். எனவே வென்றிருக்கக்கூடியவர் யார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வழியில் போட்டாலும் ஒரு விடயம் மாறவில்லை: முதல் எண்ணிக்கையில் வெற்றி என்பது மஹிந்தவுக்குக் கிடைத்திராது. பகிஷ்கரிப்பு செய்த வேலை அதுதான். ஜே.வி.பி. ஒப்பந்தமும் உரமூட்டையும் மஹிந்தவை எல்லைக்கோட்டின் ஓரம்வரை கொண்டுவந்தன. கோட்டைப் பின்னோக்கி இழுத்து அவருடைய காலடியில் வைத்தது வடக்கின் வெற்றுப் பெட்டிகள்.

இரண்டாம் எண்ணிக்கை வந்திருந்தால் மற்றைய 11 வேட்பாளர்களுக்கு விழுந்த 123,521 வாக்குச் சீட்டுகளும் மேசைக்கு வந்திருக்கும். அவற்றில் இரண்டாம் விருப்பு முதலிருவரில் ஒருவருக்கு இருந்தால் அது அவருக்குச் சேரும், இல்லையேல் மூன்றாம் விருப்பு பார்க்கப்படும். அதன்பின் 50 சதவீதம் தேவையில்லை, கூடுதலாக எடுத்தவர் ஜனாதிபதி. 1982 முதல் இருந்த இந்த ஏற்பாடு முதன்முறை நடைமுறைக்கு வந்தது 2024 இல்தான். அப்போது நீக்கப்பட்ட வேட்பாளர்களின் சீட்டுகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து அநுர குமார திசாநாயக்கவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித் பிரேமதாசவுக்கு 167,867. இரண்டும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு எட்டுச் சீட்டு. சிலர் விருப்பை வேறு வேட்பாளருக்கு எழுதியிருப்பார்கள் என்றாலும், பெரும்பாலானோர் ஒரு புள்ளடியோடு (X) நிறுத்திக்கொண்டார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் மாதிரி வாக்குச் சீட்டு ஒன்றைப் படத்தோடு வெளியிடுங்கள். ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பவர் 1 என்றோ புள்ளடியோ இடலாம். விருப்பும் தர நினைப்பவர் தொடக்கத்திலிருந்தே 1, 2, 3 என்று எண்களால் மட்டும் அடையாளமிட வேண்டும், புள்ளடியையும் எண்ணையும் ஒரே சீட்டில் கலக்கக் கூடாது. 1 இல்லாமல் 2 மட்டும் எழுதிய சீட்டு நிராகரிக்கப்படும். தமிழ்ப் பொது வேட்பாளருக்கோ சிறிய கட்சிக்கோ முதல் வாக்கை அளிப்பவர், முதலிருவராக வரக்கூடியவர்களில் தமக்கு ஏற்றவருக்கு 2 என்று எழுதினால், இரண்டாம் எண்ணிக்கை நடக்கும்போது அந்தச் சீட்டும் கணக்கில் இருக்கும்.

வாசகர்,
வவுனியா.