சிலிண்டருக்குள் நுழைந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பழைய ராணுவ ரிவால்வர்கள் பற்றி வெளியான கட்டுரையின் வரலாற்றுப் பகுதி நன்றாகவே இருந்தது. காலிபர் மாற்றம், அதாவது ஓர் அளவுத் தோட்டாவுக்குச் செய்த துப்பாக்கியை வேறோர் அளவுக்கு மாற்றுவது, பற்றிய பத்திக்கு மட்டும் திருத்தம் தேவைப்படுகிறது. வேறொரு தோட்டா, அதை வைக்கும் சுழல் உருளையான சிலிண்டருக்குள் சரியாக உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற தொனியில் அது எழுதப்பட்டிருக்கிறது. தோட்டா நுழைவது அளவைப் பொறுத்தது; துப்பாக்கி அதைத் தாங்குவது எஃகைப் பொறுத்தது. சுலபமாகச் செய்துவிடக்கூடிய மாற்றங்கள்தான் பல நேரம் ஆபத்தானவை.

வெப்லி மார்க் 6 இதற்கு நல்ல உதாரணம். 1915-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட இந்த .455 ரிவால்வர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரிச் சரக்காக அமெரிக்காவுக்குப் போயின. அங்கே .455 தோட்டா கிடைப்பது அரிது, .45 ஏசிபி என்ற தானியங்கிக் கைத்துப்பாக்கித் தோட்டா தாராளம். சிலிண்டரின் பின்முகத்தைக் கொஞ்சம் சீவிவிட்டு, தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் அரைநிலா கிளிப்பில் .45 ஏசிபி போட்டுச் சுடலாம் என்று விற்றார்கள். ஆனால் வெப்லி வடிவமைக்கப்பட்டது 265 கிரெய்ன் எடையுள்ள மென்மையான ஈயக் குண்டை விநாடிக்கு சுமார் 600 அடி வேகத்தில் அனுப்புவதற்கு. .45 ஏசிபி 230 கிரெய்ன் செம்புறை போட்ட குண்டை 800 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் தள்ளுகிறது. அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. அது வெப்லியின் புரூஃப் சோதனைச் சுமையை நெருங்கும் அளவு. புரூஃப் சோதனை என்பது தொழிற்சாலையில் ஒருமுறை தாங்கிக் காட்டுவது, ஒவ்வொரு முறையும் சுடுவதற்கான சுமை அல்ல. போதாக்குறைக்கு, வெப்லி சிலிண்டரின் முன்வாய் பெரும்பாலும் குண்டைவிடச் சற்றுக் குறுகல். ஈயம் நசுங்கிப் போய்விடும். செம்புறை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. பத்து முறை சுட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்பது இங்கே வாதமே இல்லை. துப்பாக்கி மடிந்து திறக்கும் கீல் தளர்வதும் சிலிண்டரில் மயிரிழை விரிசல் ஓடுவதும் வெளியே தெரிய நாளாகும்.

பிரிட்டனில் லண்டன், பர்மிங்காம் புரூஃப் நிலையங்கள் இருக்கின்றன. காலிபர் மாற்றிய துப்பாக்கியை மறுபடி சோதித்து முத்திரை வாங்காமல் விற்க முடியாது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சோதனை இல்லை. அதனால்தான் சீவப்பட்ட வெப்லிகள் அங்கே இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

அடுத்தது .44. அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1908-இல் கொண்டுவந்த பெரிய சட்டகம்தான் (ரிவால்வரின் உடற்பகுதி) பிற்பாடு ‘என் ஃபிரேம்’ எனப் பெயர் பெற்றது. அதன் முதல் வடிவமான ‘டிரிபிள் லாக்’ சுமார் 15,000 மட்டுமே தயாரானது. அதில் .44 ஸ்பெஷல் தோட்டா சுடலாம். உச்ச அழுத்தம் 15,500 பவுண்டு. 1950-களின் நடுவில் அதைவிட வலிமையான .44 மேக்னம் வந்தது. தோட்டாவின் உலோக உறையான கூட்டின் விட்டம் அதேதான், நீளம் மட்டும் 3.2 மில்லிமீட்டர் கூடுதல். அந்த நீளம் ஒரு தடுப்பு: மேக்னம் தோட்டா தவறிக்கூட ஸ்பெஷல் சிலிண்டருக்குள் முழுதாக இறங்கக் கூடாது என்பதற்காக வைத்தது. 1935-இல் .357 மேக்னத்துக்கும் .38 ஸ்பெஷலைவிட 3.4 மில்லிமீட்டர் நீட்டியது இதே காரணத்துக்காகத்தான். ஸ்பெஷல் சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறையை அந்த அளவுக்கு ஆழப்படுத்துவது, துளையைப் பெருக்கும் ரீமர் என்ற கருவிக்குச் சில நிமிட வேலை. அதோடு தடுப்பும் போய்விடுகிறது. 15,500 தாங்குவதற்குச் செய்த எஃகு 36,000-ஐச் சந்திக்கிறது. முதல் உலகப் போர்க் காலச் சிலிண்டர்கள் பலவும் பின்னாளில் வழக்கமாகிவிட்ட வெப்பப் பதப்படுத்தல் பெறாதவை. டிரிபிள் லாக்கை இப்படி மாற்றுகிறவர் அரிய பொருளையும் கெடுக்கிறார், கையையும் பணயம் வைக்கிறார்.

எதிர்த்திசையில் போவது, அதாவது அதிக அழுத்தத்துக்குச் செய்த துப்பாக்கியைக் குறைந்த அழுத்தத் தோட்டாவுக்கு மாற்றுவது, நியாயமான வேலை. 1954-இல் வந்த ‘ஹைவே பேட்ரோல்மேன்’ ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். 35,000 பவுண்டு அழுத்தத்துக்கான .357 மேக்னம், அதே பெரிய சட்டகம். அதன் சிலிண்டர் அறைகளை .44 ஸ்பெஷலுக்கு அகலப்படுத்தி, .44 குழல் பொருத்துவது அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர்களிடையே பேர்பெற்ற மாற்றம். அறையின் சுவரில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குறையும்; இன்னும் பருத்த .45 கோல்ட் தோட்டாவுக்குப் போனால் 1.3 மில்லிமீட்டர் குறையும். அழுத்தமும் பாதிக்குக் கீழே இறங்கிவிடுவதால் கணக்கு சரியாகிறது. கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆறு அறைச் சிலிண்டரைப் பூட்டும் வெட்டுகள் அறைகளின் மேலேயே விழுகின்றன. சுவர் மிக மெலிந்த இடமும் அதுதான், விரிசல் தொடங்கும் இடமும் அதுதான். மிகப் பெரிய தோட்டாக்களுக்காக ஐந்து அறைச் சிலிண்டர் கடைவது இதனால்தான்: அறைக்கு அறை 60 பாகைக்குப் பதில் 72 பாகை சுழற்சி, வெட்டு இரண்டு அறைகளுக்கு நடுவே விழும். அமெரிக்கக் கம்மியர் ஜான் லைன்பா .475, .500 காலிபர்களை ரூகர் நிறுவனச் சட்டகங்களில் உருவாக்கியது இந்த வழியில்தான். சுழற்சிக் கோணம் மாறுவதால் சிலிண்டரின் பின்னுள்ள பற்சக்கரமான ராட்செட், அதைத் தள்ளும் ‘ஹேண்ட்’ எல்லாமே புதிதாக வேண்டும். செலவு மிக்க வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் செலவு போகும் இடம் சரியான இடம்.

.45 கோல்ட்டாக மாற்றியவற்றில் இன்னொரு பொறி இருக்கிறது. தோட்டா சுயமாக நிரப்புவோருக்கான கையேடுகளில் .45 கோல்ட்டுக்கு இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று 14,000 பவுண்டு எல்லைக்குள், மற்றொன்று ரூகர் பிளாக்ஹாக் போன்ற தடித்த துப்பாக்கிகளுக்கு, ஏறக்குறைய இருமடங்கு. மாற்றியமைத்த மெல்லிய சிலிண்டரின் பக்கத்தில் ‘.45 கோல்ட்’ என்று மட்டும் பொறித்தால், அடுத்த கைக்குப் போகும்போது வாங்கியவர் எந்தப் பட்டியலைப் பார்ப்பார் என்று யாருக்கும் தெரியாது.

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய 1917 மாடல் ரிவால்வர்கள் பற்றிக் கட்டுரையில் வந்த வரியும் முழுமையாக இல்லை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகிய இரு நிறுவனங்களின் துப்பாக்கிகளுமே .45 ஏசிபிக்காகச் செய்தவை. அந்தத் தோட்டாவுக்கு வெளிநீட்டிய விளிம்பு இல்லாததால் மூன்று மூன்றாகப் பிடிக்கும் அரைநிலா கிளிப். ஸ்மித்தின் அறையில் கூட்டின் வாயைத் தாங்கும் படி இருக்கிறது, ஆகவே கிளிப் இல்லாமலும் சுடலாம். காலிக் கூட்டைக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். முதலில் வந்த கோல்ட்களின் அறை நேர்த்துளை. கிளிப் இல்லாவிட்டால் தோட்டா முன்னே நழுவிவிடும், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி அதை எட்டாது. பின்னால் வந்த .45 ஆட்டோ ரிம் தோட்டாவின் விளிம்பு கிளிப்பின் இடத்தை நிரப்ப 2.3 மில்லிமீட்டர் தடிமனில் அமைந்தது. .45 கோல்ட்டின் விளிம்போ 1.5 தான். எனவே 1917-ஐ .45 கோல்ட்டாக மாற்றினால், மற்றதெல்லாம் ஒத்துவந்தாலும் பின்னால் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சும். தோட்டா பின்னோக்கி அடித்துக் கூடு நீளும், சில நேரம் ஊசியடி ஆழமில்லாமல் போய்த் தீப்பிடிக்காது. வளைந்த கிளிப்பும் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கியைக் குறைசொல்வதற்கு முன் புதுக் கிளிப் போட்டுப் பாருங்கள்.

பழைய ரிவால்வர் ஒன்று மாற்றப்பட்டதா என்று கண்டுபிடிக்க வேண்டுமா? தோட்டா ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அறையை அளவெடுங்கள். செரோசேஃப் என்ற வார்ப்பு உலோகம் 70 முதல் 88 பாகை செல்சியஸில் உருகும். ஊற்றிய அரைமணியில் கொஞ்சம் சுருங்கி, ஒரு மணி நேரத்தில் மீண்டும் அறையின் அசல் அளவுக்கே வரும். அப்போது அளந்தால் எந்தத் தோட்டாவுக்கான அறை என்பது தெரிந்துவிடும். இரண்டு விட்டங்கள் படியாகத் தெரிந்தால், பழைய அறைக்குள் புதியதைத் தோண்டியிருக்கிறார்கள். போர்க்கால .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) தோட்டாவுக்கான ரிவால்வர்களை .38 ஸ்பெஷலுக்கு ஆழப்படுத்தியபோது நடந்தது இதுதான்: அறையின் பின்பாதி .386 அங்குலம், ஸ்பெஷல் கூடு .379. சுட்ட கூடு அடிப்பாகத்தில் புடைத்து, சில சமயம் கிழிந்தே வரும். அவை நடுத்தரச் சட்டகம்தான் என்றாலும் அறிகுறி பொதுவானது. சுட்ட கூட்டில் ஒருபக்கப் புடைப்பு, குழலில் பொறித்த காலிபருக்கும் அறைக்கும் பொருந்தாமை, பின்முகத்தில் பளிச்சென்ற கடைசல் தடம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அனுபவமுள்ள கம்மியர் பார்க்கும்வரை சுட வேண்டாம். அவரிடம் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடைவெளியைத் தகட்டு அளவியால் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கிலிருந்து எட்டுப் பங்கு வரை நலம். மாற்றுபவரே உச்ச அழுத்தத்தையும் சட்டகத்தில் பொறித்துத் தந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்